‘எழுதுறதுக்கு என்ன இருக்கு, மாப்ளே?’

என் தாய்மாமாவுக்கு 75 வயது நிறைந்த அன்று, தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றும் நல்ல பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு உறையூருக்குப் போனேன். அவர் தம் வாழ்க்கையை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையின் வேகத்தில், முதல் பக்கத்தில் நானே ‘என் வாழ்க்கை வரலாறு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் அவர் பெயரையும் போட்டிருந்தேன். மாமா நோட்டை வாங்கி, ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “நல்ல மேப்லித்தோ” என்று தாளுக்குச் சான்றிதழ் கொடுத்தார். பிறகு தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார். “எழுதுறதுக்கு என்ன இருக்கு, மாப்ளே? வேலைக்குப் போனேன், வந்தேன், புள்ளைகளைக் கட்டிக் கொடுத்தேன். இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய நோட்டு?”

எட்டு மாதம் கழித்துப் போனபோது அந்த நோட்டு அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. ஆவலாக எடுத்துப் பிரித்தேன். ‘என் வாழ்க்கை வரலாறு’ என்ற தலைப்புக்கு நேர் கீழே, ‘சாப்பாட்டுக்கு முன் 142, பின் 210’ என்று இருந்தது. அடுத்த பக்கங்களில் மருந்துக் கடை பாக்கி, எரிவாயு உருளை வந்த தேதி, குழாய் ரிப்பேர்காரரின் கைபேசி எண். ஒரு வகையில் அதுவும் வாழ்க்கை வரலாறுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நாம் கேட்டதைச் செய்யவில்லையே என்ற கோபம். கேட்ட விதத்தில்தான் கோளாறு என்பது புரிய இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

வயதானவர்களை எழுதச் சொல்லும் நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறோம். ‘உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்’ என்று சொல்லும்போது, எழுபது எண்பது ஆண்டுகளை ஒரே பார்வையில் பார்த்து, அதற்கு ஒரு பொருளும் கண்டுபிடித்து, தலைவர்களின் வரலாறு போலத் தொடக்கமும் முடிவும் உள்ளதாக எழுதித் தரும்படி அவர்களிடம் கேட்கிறோம். காந்தியடிகளுக்கு அது இயலும். பதினான்கு வயதில் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் பையனாகச் சேர்ந்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி அச்சுக் கோக்கக் கற்று, அதே வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றே கழித்த ஒருவர், தமக்கு ‘வரலாறு’ என்று ஒன்று இருப்பதாகவே நினைப்பதில்லை. அடக்கத்தினால் மட்டும் அவர் மறுக்கவில்லை. கேள்வி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது, கையில் உள்ள பதில்கள் எல்லாம் அவருக்கே அற்பமாகத் தெரிகின்றன.

மாமாவின் பூட்டைத் திறந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்காகப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், எழுபதுகளின் தொடக்கத்தில் அச்சான பத்திரிகை ஒன்று மஞ்சள் கறையோடு கிடந்தது. அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, “இந்த லையைப் பாரு” என்றார். இன்றைய லை அல்ல அது. முன்பக்கம் துதிக்கை போலச் சுருண்டிருக்கும் பழைய லை. நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்: “இதை எப்படி மாமா கோப்பீங்க? ரெண்டு எழுத்தா, ஒரே எழுத்தா?”

அவர் எழுந்து போய்த் தினசரி காலண்டரிலிருந்து நான்கைந்து பழைய தாள்களைக் கிழித்து வந்து, பின்பக்கத்தில் கட்டம் போடத் தொடங்கினார். அது எழுத்துப் பெட்டி. அவர்கள் பேச்சில் ‘கேஸ்’. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, பெரியது சிறியது என்று இரண்டு வகை, அத்தோடு சரி. தமிழுக்கோ க, க், கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனித்தனி ஈய எழுத்து. பதினெட்டு மெய்க்கும் இப்படிப் போட்டால் அதுவே 108 அறைகள். அதற்கு மேல் உயிரெழுத்து, கொம்பு, கால், கிரந்தம், ‘ஸ்ரீ’, எண்கள், இடைவெளிக் கட்டைகள். எந்த அறை எங்கே என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று, பேனாவைக் கீழே வைத்து, கண்ணை மூடி, வலது கையைக் காற்றில் நீட்டி எதையோ எடுத்தார். பிறகு கண்ணைத் திறந்து அந்த அறையில் ‘ழு’ என்று எழுதினார். அவருடைய நினைவு தலையில் இல்லை, தோளில் இருந்தது. நாற்பது ஆண்டு நட்புள்ள ஒரு மனிதரைப் பற்றி இப்படி ஒரு செய்தியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அன்று இரண்டு மணி நேரம் பேசினார். எழுத்து தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்கும். ஆனாலும் எழுத்துகளை வரிசையாக அடுக்கும் ‘ஸ்டிக்’ என்ற கைத்தட்டில் இடமிருந்து வலமாகவே கோக்க வேண்டும். ஆகவே தலைகீழாகப் படிக்கப் பழகிய கண்ணுக்கு நேராக இருப்பதைப் படிக்கும்போது சற்று எரிச்சல் வரும். முகூர்த்த மாதங்களில் ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’ என்று ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பத்திரிகை கோத்து, புரூஃப் பார்த்துத் திருத்தம் வருவதற்காகக் கட்டிவைத்திருப்பதால், ‘ல்’ தீர்ந்துபோகும். தீர்ந்த இடத்தில் வேறொரு எழுத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்து அடையாளம் செய்துவிட்டு, முதல் பத்திரிகை அச்சாகிப் பிரித்துப் போடும் வரை காத்திருக்க வேண்டும். அச்சிட்டதை மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போடுவதும் கோப்பவர்தான். “மத்தவன் கோத்ததைப் பிரிக்கச் சொன்னா மட்டும் எனக்குப் பிடிக்காது” என்றார். ஏன் என்று கேட்டேன். “அவன் தப்பெல்லாம் நம்ம பெட்டிக்குள்ள வந்துரும்.”

பிறகு 1978. அந்த ஆண்டு அக்டோபரில், பெரியார் 1935 முதலே தம் ஏடுகளில் புழங்கி வந்த எழுத்து வடிவங்களைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ; ணை, லை, ளை, னை என்ற 13 எழுத்துகள் மாறின. இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். எழுத்துகளின் எண்ணிக்கை குறைந்தது, தட்டச்சும் அச்சும் எளிதாயின என்பதே எல்லோரும் சொல்வது. மாமா சொன்னது வேறு. பெட்டியில் அறைகள் குறைந்தது உண்மைதான்; ஆனால் பழைய லை ஒரே ஈயம். புதிய லைக்குக் கொம்பு ஒன்று, ல ஒன்று என இரண்டு முறை கை நீள வேண்டும். ‘அண்ணா’ என்று கோக்காத நாளே இல்லாத தமிழ்நாட்டில், அந்த ணாவுக்கு ஒரு தடவை போன கை இரண்டு தடவை போக வேண்டியதாயிற்று. ‘இல்லை’, ‘தலைமை’, ‘சென்னை’, ‘நாளை’ எல்லாம் அப்படியே. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய ஓர் அச்சுக்கோப்பாளருக்கு மொழிச் சீர்திருத்தம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவர் அதைக் குறையாகவும் சொல்லவில்லை. “எழுத்து அழகாத்தான் ஆச்சு. கைக்குத்தான் தெரியல, ஒரு வருஷம் பழைய லை அறைக்கே போயிட்டிருந்துச்சு” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரிடம் வாழ்க்கையைக் கேட்டேன், இல்லை என்றார். வேலையைக் கேட்டேன், வாழ்க்கையே வந்துவிட்டது.

மறுநாள் தெருமுனைக் கடையில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தலைப்பு எதுவும் எழுதவில்லை. “நேத்து சொன்ன அந்தப் பெட்டி விஷயத்தை மட்டும் எழுதி வைங்க மாமா, எனக்கு மறந்துரும்” என்றேன். மூன்று வாரத்தில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார். அதிலிருந்து சில வரிகளை அவர் எழுதியபடியே தருகிறேன்: ‘காலையில் போனதும் முதல் வேலை கை கழுவுவது இல்லை. கை கழுவுவது வீட்டுக்குப் போகும்போது. சோப்பு மட்டும் பத்தாது, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். ஈயம் வயிற்றுக்குள் போனால் கெடுதல் என்று மேஸ்திரி வாழைப்பழம் வாங்கித் தருவார். வாழைப்பழத்துக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. பழம் கிடைத்ததே போதும்.’ இந்த ஐந்தாறு வரியில் ஒரு காலத்துத் தொழிலாளியின் அறிவும் அறியாமையும் பசியும் நகைப்பும் இருக்கின்றன. ‘என் வாழ்க்கை வரலாறு’ என்று நான் எழுதிக் கொடுத்த தலைப்பின் கீழ் இந்த வரிகள் ஒருநாளும் வந்திருக்கமாட்டா.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதினான்கு பக்கத்தையும் கணினியில் ஏற்றும்போது, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, வாக்கியங்களைச் ‘செப்பனிட்டேன்’. ‘பத்தாது’ என்பதைப் ‘போதுமானதாக இருக்காது’ ஆக்கினேன்; வாழைப்பழத்தைப் பற்றிய கடைசி இரு வரிகளும் விஷயத்துக்குத் தொடர்பில்லாதவை என்று நீக்கினேன். அச்சிட்டு எடுத்துப்போய்க் கொடுத்தபோது மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அரைப் பக்கம் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. யார் எழுதினது?” என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் கோத்துக் கொடுத்த மனிதரிடம், அவர் எழுதியதை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அன்று முதல், எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. அந்தப் பிழைகளிலும் சிலவற்றை விட்டுவிடுகிறேன்.

முதியவர்கள் பழங்கதை பேசுவதை நாம் பொறுத்துக்கொள்கிறோமே தவிர மதிப்பதில்லை. மருத்துவ உலகிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஓயாமல் பழையதைப் பேசுவது மூளை தளர்வதன் அறிகுறி என்றே பலரும் கருதினார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வாழ்வின் முடிவு நெருங்கும் உணர்வு வரும்போது மனம் தன் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது இயல்பான வேலை, நோயல்ல என்று எழுதினார். நினைவை ஆராய்பவர்கள் கண்ட இன்னொரு செய்தியும் உண்டு: வயதானவர்களிடம் வாழ்வில் நினைவுக்கு வருபவற்றைக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாக வந்து குவிகின்றன. ஆகவே தாத்தா எப்போதும் அந்த அச்சகத்தைப் பற்றியே பேசுகிறார், அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லையா என்று அலுத்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகள், கிணற்றில் ஊற்று இருக்கும் பக்கம் எது என்பதை அவர் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கதை வேறு விதம். மாமாவுக்கு மூத்தவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, கை நடுங்குவதால் இப்போது கையெழுத்துப் போடுவதே பெரும்பாடு. ‘உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற என் புதிய மந்திரம் அவரிடம் பலிக்கவில்லை. “நான் என்ன வேலை பார்த்தேன்? வீட்டுலதானே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, அறுபது ஆண்டுகளாகப் பார்த்த வேலையைத் தொடர்ந்து பார்க்க அடுக்களைக்குள் போய்விட்டார்.

அம்மாவுக்கு வாய்த்த திறவுகோல் மொய் நோட்டு. 1963-இல் நடந்த அவருடைய கல்யாணத்தின் மொய் நோட்டு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு, தலையில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் குங்குமக் கறை. ஊர், பெயர், தொகை. பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்; ஐந்து ரூபாய் வைத்தவர்கள் வசதியானவர்கள். தாய்மாமன் வரிசை மட்டும் தனிப் பக்கம். திருப்பிச் செய்த மொய்க்கு எதிரில் அப்பா ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறார். நான் பெயரைப் படிப்பேன், அம்மா ஆளைச் சொல்வார். இவர் அப்பாவின் கூட்டாளி, தறி வைத்திருந்தார். இவள் என்னோடு படித்தவள், கல்யாணமாகிப் பாலக்கரைக்குப் போனாள். இந்த ஆள் இரண்டு ரூபாய் எழுதிவிட்டு ஒரு ரூபாய்தான் கொடுத்தார், எழுதியவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

ஐந்தாம் பக்கத்தில், ‘குழுமணி அக்கா, 1 ரூ., வெண்கலக் கும்பா 1’ என்று இருந்தது. அதைப் படித்ததும் அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. யார் என்று கேட்டேன். தயிர்க்காரி என்றார். நாள்தோறும் குழுமணியிலிருந்து தலையில் தயிர்ப் பானையோடு உறையூருக்கு நடந்து வருகிற பெண். உய்யக்கொண்டான் வாய்க்காலில் அம்மாவுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். என் அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதை அறுபது வயதில் நான் அறிந்துகொண்டேன். வீட்டுக்குத் தெரியாமல் பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கியது, தயிர்க்காரி தன் காலிப் பானையைக் கவிழ்த்துக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கச் சொன்னது, ஈரத் துணியை எங்கே காயவைத்தார்கள் என்பது வரை சொன்னார். தயிர் விற்ற காசில் வெண்கலக் கும்பா வாங்கி மொய் வைக்க அவள் எத்தனை நாள் நடந்திருப்பாள் என்று நான் மனத்தில் கணக்குப் போட்டேன். அந்த வரிக்கு எதிரில் அப்பாவின் கோடு இல்லை. “அவ வீட்டுல விசேஷம்னு யாரும் வந்து சொல்லல” என்றார் அம்மா.

எந்த வீட்டிலும் இப்படி ஏதேனும் ஒன்று இருக்கும். பால் கணக்கு எழுதிய நோட்டு, பத்திரத்தின் நகல், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் அட்டை, பாத்திரத்தில் வெட்டிய பெயர். பெரியவர்களிடம் வெறுங்கையோடு போய் உட்கார்ந்து, ‘சொல்லுங்கள்’ என்று முகத்தைப் பார்ப்பதைவிட, இவற்றில் ஒன்றை எடுத்து நடுவில் வைப்பது எவ்வளவோ மேல். கேள்வியும் சிறியதாக இருக்கட்டும். முதல் சம்பளம் வாங்கியபோது எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டால், ‘சந்தோஷமா இருந்துச்சு’ என்ற ஒரே வரிதான் வரும்; அதை யார் எண்ணிக் கொடுத்தார், நோட்டா சில்லறையா, எந்தப் பையில் வைத்தீர்கள், வீட்டுக்கு எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். உணர்ச்சியை நாம் கேட்க வேண்டியதில்லை; பை எது என்று சொல்லும்போதே அது கூடவே வந்துவிடும்.

ஆண்டு நினைவில்லையே என்பது பெரும்பாலோர் சொல்லும் தடை. நம் பெரியவர்கள் காலத்தை எண்ணால் அளந்தவர்கள் அல்லர். ஆனால் ஊர் அறிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டால் நூல் பிடித்து வந்துவிடுவார்கள். நயா பைசா வந்ததற்கு முன்னா பின்னா என்றால் 1957 ஏப்ரல் கிடைத்துவிடுகிறது. அணாக் கணக்கில் பழகிய மாமாவின் அப்பா அன்று முதல் கடைக்காரரிடம் போட்ட சண்டையும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தித் திணிப்பை எதிர்த்துக் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையம் அருகே தீக்குளித்தது 1964 ஜனவரியில். அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடி புயல். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. 1977 நவம்பரில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்தது. மாமாவின் அச்சகத்தில் அடித் தட்டுப் பெட்டிகள் எல்லாம் சேறாகி, எழுத்துகளை அண்டாவில் கொட்டிக் கழுவி, எட்டு நாள் உட்கார்ந்து அறை பிரித்திருக்கிறார்கள். இப்படி நான்கு முளை அடித்துவிட்டால், நடுவில் உள்ளவை தாமாகவே வரிசையில் நின்றுகொள்கின்றன.

எழுத இயலாதவர்களுக்குக் கைபேசியின் ஒலிப்பதிவு போதும். நடுவில் குறுக்கிடாமல் இருப்பதுதான் கடினம். என் பதிவுகளைத் திருப்பிக் கேட்டபோது, அம்மா மூச்சு வாங்க நிறுத்திய இடமெல்லாம் நான் அடுத்த கேள்வியைப் போட்டு அடைத்திருப்பது தெரிந்து வெட்கமாக இருந்தது. பேசினால் தானே தமிழில் எழுதிக்கொடுக்கும் குரல் தட்டச்சும் இப்போது இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்காமல் விடக்கூடாது. எங்கள் பதிவில் அது ‘மொய் நோட்டு’ வந்த இடமெல்லாம் ‘மெய் நோட்டு’ என்று எழுதியிருந்தது. திருத்தக் கை வரவில்லை, பிறகு திருத்தினேன். ஒலிப்பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். எழுத்தில் சொல் வரும், குரல் வராது.

உ.வே. சாமிநாதையரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1855-இல் பிறந்த அவர், தம் ‘என் சரித்திரம்’ தொடரை ஆனந்த விகடனில் தொடங்கியது 1940 ஜனவரியில். வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 122 அத்தியாயங்கள் வந்த நிலையில் 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. நூலாக வந்தது 1950-இல். ஏடு தேடிய பெருமையை மட்டும் அவர் எழுதியிருந்தால் அது அறிஞர்களின் புத்தகமாக நின்றிருக்கும். பிறந்த ஊர், இசை வல்ல தந்தையோடு ஊர் ஊராகக் குடி மாறியது, யார் வீட்டில் சோறு கிடைத்தது, பாடம் சொன்ன ஆசிரியர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் எழுதியதால்தான் நாம் இன்னும் படிக்கிறோம். நான் இதில் கவனிப்பது வேறொன்றையும்: அது வாரப் பத்திரிகைத் தொடர். அடுத்த வாரத்துக்கு அத்தியாயம் வேண்டும் என்று ஒருவர் எதிரில் காத்திருந்தார். முதியவர்களுக்கு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுப்பதைவிட அந்தக் காத்திருக்கும் ஆளாக நாம் இருப்பது பயன்படும். நான் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மாமாவை அழைக்கிறேன். ஒரு வாரம் தவறினால், “என்ன, பத்திரிகை நின்னு போச்சா?” என்று அவரே அழைக்கிறார்.

இனி கசப்பான பகுதி. உண்மையை எழுதினால் வீட்டில் சண்டை வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாமா தம் நோட்டில் பூர்வீக வீடு விற்கப்பட்ட விதத்தை இரண்டு பக்கம் எழுதினார். அதை நான் மற்ற பக்கங்களோடு சேர்த்து உறவினர் சிலருக்குப் படிக்கக் கொடுத்தது என் அவசரப் புத்தி. மறுநாளே ஓர் உறவினர் அழைத்து, கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று தொடங்கி, அடுத்த நொடியே அவர் எழுதியதில் தேதி மட்டும்தான் தவறு என்று முடித்தார். இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எழுதும்போது எதையும் விடுவதில்லை. ஊருக்குக் கொடுக்கும் படியில் எதை விடுவது என்பதை எழுதியவரே முடிவு செய்வார். அந்த இரண்டு பக்கமும் மூல நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. யாரையேனும் புண்படுத்திவிடுவோமோ என்ற அச்சத்தில் எழுதத் தொடங்காமலே இருக்கும் பெரியவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு.

சொல்லவே விரும்பாதவற்றைத் தோண்டக்கூடாது என்பதையும் அம்மாவிடம் கற்றேன். எனக்கு முன் பிறந்து பதினோரு நாளில் இறந்துபோன குழந்தையைப் பற்றிய பேச்சு தானாக வந்தது. இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு கைபேசியைப் பார்த்தார். நான் பதிவை நிறுத்தினேன். அவர் அதற்குப் பிறகும் நெடுநேரம் பேசினார். அது பதிவில் இல்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

சாமானியர்கள் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் அடிக்கடி நினைப்பது சயாம்–பர்மா ரயில் பாதை. இரண்டாம் உலகப் போரில், 1942-43-இல், ஜப்பானியப் படை காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டு 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருங்கூட்டம். கைதிகள் திரும்பிப் போய் எழுதினார்கள். ஒளித்து வைத்த நாட்குறிப்பு, வரைந்த படம், நினைவு நூல் என்று அலமாரி நிறைய இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகள்தாம் உண்டு. எழுத்தறிவு இல்லாதவர்கள் பலர். எழுதத் தெரிந்தவர்களையும் பிழைத்து வந்த பிறகு யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் தந்தை அந்தப் பாதையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். “மழை பேஞ்சா அப்பா தூங்க மாட்டாரு” என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருக்கிறது.

மாமா இப்போது நான்காவது நோட்டில் இருக்கிறார். கணினி வந்து, அச்சுக்கோப்பு வேலை நின்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அச்சகத்தை மூடிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறார். மிக மெதுவாக நகர்கிறது. எழுத்துகளையெல்லாம் பழைய ஈயமாக எடைக்குப் போட்டார்கள் என்ற இடத்தில் மூன்று வாரமாக நின்றிருந்தது. நானும் அவசரப்படுத்தவில்லை. போன ஞாயிறு அழைத்தபோது, ஒரே ஒரு வரி எழுதியிருப்பதாகச் சொன்னார். படிக்கச் சொன்னேன். ‘தராசில் கொட்டும்போது, ஒரு கை அள்ளிப் பார்த்தேன், எல்லாம் கலந்திருந்தாலும் எது எந்த அறை என்று தெரிந்தது.’ அப்புறம் என்ன என்று கேட்டேன். “அடுத்த வாரம்” என்று வைத்துவிட்டார்.